வாட்ச்மேனும் கண் தெரியாத இறாலும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீன் விற்பவர்களை நான் நம்புவதில்லை. போன வருடம் ஒரு மஞ்சள் மீனைக் கொடுத்து, "ரொம்ப வருஷம் வாழும் சார்" என்றார் கடைக்காரர். அது எட்டு நாள் வாழ்ந்தது. சாகும்போது தனியாகவும் சாகவில்லை. உடம்பெல்லாம் உப்பு தூவியது போல வெள்ளைப் புள்ளி வந்தது. தொட்டியில் இருந்த மற்ற மூன்று மீன்களுக்கும் அதைக் கொடுத்துவிட்டுத்தான் போனது.

என் பேத்தி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அவள் ஒல்லியாக இருப்பாள். பேச்சு சுருக்கென்று குத்தும். அதனால் வீட்டில் அவள் பெயர் குண்டூசி. நான் குழாய் ரிப்பேர் பார்த்தவன், இப்போது வேலைக்குப் போவதில்லை. என் மகள், அதாவது குண்டூசியின் அம்மா, ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே ஒரு டாக்டர் ஊர் மாறிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதுதான் எங்கள் கூடத்தில் இருக்கும் கடல்நீர்த் தொட்டி.

குண்டூசிக்குப் பத்து வயது ஆனது. என்ன வேண்டும் என்று அம்மா கேட்டாள். ஒரு இறாலும் ஒரு மீனும் வேண்டுமாம். சோடியாக.

மறுபடியும் அதே கடை. ஊரில் வேறு கடை இல்லையே.

"இது துப்பாக்கி இறால் சார்" என்றார் கடைக்காரர். "இதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. நாள் முழுக்க மண்ணைத் தோண்டிக்கிட்டே இருக்கும். இந்த மீன் வாசல்ல காவல் நிக்கும். இறால் தன்னோட மீசையை மீன் மேல வெச்சுக்கிட்டுத்தான் வெளியவே வரும். ஏதாவது ஆபத்துன்னா மீன் வாலை ஆட்டும். ரெண்டும் உள்ள ஓடிரும்."

"காவல் காக்கிறதுக்கு மீனுக்கு என்ன கிடைக்குது?" என்று கேட்டேன். சும்மா யாரும் காவல் நிற்க மாட்டார்கள்.

"தங்க வீடு கிடைக்குதே சார்!"

நான் நம்பவில்லை. குனிந்து பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் ஒரு மீன் பொந்தின் வாசலில் நின்றது. உள்ளேயிருந்து நீண்ட ஒரு மீசை அதன் முதுகில் கிடந்தது. கண்ணாடியை விரலால் தட்டினேன். வால் ஒரு வெட்டு வெட்டியது. அவ்வளவுதான், இரண்டையும் காணோம்.

"பாத்தீங்களா தாத்தா?" என்றாள் குண்டூசி, ஏதோ அவளே சொல்லிக்கொடுத்து வளர்த்தது போல.

மீனுக்கு அங்கேயே வாட்ச்மேன் என்று பெயர் வைத்துவிட்டாள். இறால் துப்பாக்கி ஆனது.

வீட்டுக்கு வந்ததும், "நேராப் பெரிய தொட்டியில விட்டுடலாமே" என்றேன்.

"போன வருஷம் விட்ட மாதிரியா?" என்றாள் குண்டூசி.

நான் பைகளைக் கீழே வைத்தேன்.

அவள் அம்மா இரண்டு சின்னத் தொட்டிகளை எடுத்துக் கழுவினாள். "மீன் இதுல, இறால் அதுல. ஆறு வாரம். மீனுக்கு நோய் இருந்தா தெரிஞ்சுடும், இறால் மேல ஒட்டி வந்த கிருமியும் தானாச் செத்துடும். மீன் தொட்டியில மட்டும் செம்பு மருந்து போடணும். அது வெள்ளைப் புள்ளிக் கிருமியைக் கொன்னுடும்."

"ரெண்டையும் ஒரே தொட்டியில வெச்சா?"

"செம்பு இறாலையும் கொன்னுடும்."

குண்டூசியின் முகம் சுருங்கியது. "அப்போ பிரிக்கணுமா? அதுக்குக் கண்ணு தெரியாதேம்மா. ஆறு வாரம் அது யார் மேல மீசையை வெச்சுக்கும்?"

அம்மா மண்ணைக் கழுவி இறால் தொட்டியில் போட்டாள். குண்டூசி தானே இறாலை ஒரு கிண்ணத்தில் எடுத்து, அந்தத் தொட்டியில் விட்டாள். "மன்னிச்சுக்கோ" என்று அதனிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

இறால் தொட்டி என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தது. மீன் தொட்டி அடுப்படி ஓரத்துக்குப் போனது.

மூன்றாம் நாள் மதியம் கண் அயர்ந்திருந்தேன். 'டப்!' என்று ஒரு சத்தம். துள்ளி எழுந்தேன். கண்ணாடி விரிசல் விடும் சத்தம் எனக்குத் தெரியாதா? தொட்டியைச் சுற்றிப் போர்வைகளை விரித்தேன். டிவியைக் கட்டில் மேல் ஏற்றினேன். வாளியோடு காத்திருந்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த குண்டூசி வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்ன தாத்தா, வீடு மாத்தறீங்களா?"

"விரிசல்டி! எப்ப வேணா உடையும்!"

அதற்குள் இன்னொரு 'டப்!'

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "துப்பாக்கிதான் தாத்தா! கொடுக்கைச் சொடுக்குற சத்தம் அது."

விரல் நீளம்கூட இல்லாத ஜந்து அப்படிச் சத்தம் போடுமா? நான் கண்ணாடியைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. டிவியை இறக்கி வைத்தேன்.

நான்காவது வாரத்தில் ஒரு தப்பு செய்தேன். இறால் தொட்டியில் தண்ணீர் ஆவியாகிக் குறைந்திருந்தது; உப்பு உள்ளேயே இருக்கும், நல்ல தண்ணீர் சேர்த்தால் போதும். உதவி செய்யலாமே என்று, மீன் தொட்டிப் பக்கம் இருந்த மக்கை எடுத்து நல்ல தண்ணீர் மொண்டேன். ஊற்றுவதற்குச் சாய்த்ததுதான் தாமதம்.

"தாத்தா! வேண்டாம்!"

குண்டூசி பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தாள். தண்ணீர் என் வேட்டி மேல் கொட்டியது.

"நல்ல தண்ணிதானடி!"

"மக்கு யாருது? வாட்ச்மேனோடது. இப்பதான் அதுல செம்பு மருந்துத் தண்ணி எடுத்தேன். இன்னும் கழுவல."

எனக்குக் கோபம் வந்தது. "நாப்பது வருஷம் வீடு வீடாச் செம்புக் குழாய் போட்டவன்டி நான். அதுல வந்த தண்ணியைக் குடிச்சுட்டு எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. செம்பு என்ன பண்ணும்?"

அவள் இடுப்பில் கை வைத்தாள். "நீங்க இறாலா தாத்தா?"

"இல்லை."

"அப்போ மக்கைக் கீழ வைங்க."

வைத்தேன். பிறகு அவள் மீன் சாமான்களில் எல்லாம் சிவப்பு நூல் கட்டினாள். இறால் சாமான்களில் வெள்ளை நூல். என் கையைக் கழுவச் சொல்லி, கழுவினேனா என்று மோந்தும் பார்த்தாள். அவள் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. நல்ல பிள்ளை.

ஆறு வாரம் முடிந்தது. ஒரு புள்ளிகூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, தொட்டி மாற்றும் வேலை. புதுத் தண்ணீருக்கு உடம்பு பழக வேண்டுமாம். அதனால் பெரிய தொட்டித் தண்ணீரை மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக வாளியில் விட வேண்டும். இரண்டு வாளி, இரண்டு குழாய், இரண்டு மணி நேரம். சொட்டுகிற குழாயை நிறுத்தித்தான் நான் சோறு தின்றேன். வேண்டுமென்றே சொட்ட விட்டது அன்றுதான்.

முதலில் துப்பாக்கியை விட்டோம். இடது ஓரத்துப் பாறைக்கு அடியில் புகுந்து தோண்ட ஆரம்பித்தது. அடுத்து வாட்ச்மேன். இறங்கியதுதான் தெரியும், நீலமாக ஏதோ ஒன்று சீறிக்கொண்டு வந்தது.

ரவுடி! போன வருடம் எல்லாம் செத்த பிறகு வாங்கியது, பெரிய தொட்டியில் இருந்த ஒரே மீன் அதுதான். அதுவும் ஆறு வாரம் தனியாக இருந்துவிட்டு வந்ததுதான். கட்டைவிரல் அளவு. ஆனால் தொட்டியே தன் அப்பன் வீட்டுச் சொத்து என்பது போல நடந்துகொள்ளும். அது துரத்திய துரத்தலில் வாட்ச்மேன் வலது கோடிக்கு ஓடி, பம்புக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது.

மூன்று நாள் ஆயிற்று. வாட்ச்மேன் வெளியே வரவில்லை, எதையும் தின்னவில்லை. துப்பாக்கி பொந்து வாசலில் மீசையை மட்டும் நீட்டும். இப்படியும் அப்படியும் துழாவும். ஒன்றும் தட்டுப்படாமல் உள்ளே போய்விடும். அதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "சேரலன்னா மீன் செத்துரும் சார். வேற சோடி இருக்கு, வந்து எடுத்துக்கோங்க" என்றார்.

"இதைத்தான் சொல்வீங்கன்னு தெரியும்" என்று போனை வைத்தேன்.

"வேற வேண்டாம்" என்றாள் குண்டூசி. கண் கலங்கியிருந்தது. "இவங்களைப் பிரிச்சது நான். நான்தான் சேர்க்கணும்."

"வலையில பிடிச்சு அந்தப் பக்கம் விட்டுடலாமா?"

"ஏற்கெனவே பயந்து கிடக்கு. வலையைப் பார்த்தா செத்தே போயிடும் தாத்தா."

தரையில் குப்புறப் படுத்தாள். முகவாயைக் கையில் தாங்கி, தொட்டியையே பார்த்தாள். வெகுநேரம். பசிக்கிறதா என்று கேட்டேன், தலையை மட்டும் ஆட்டினாள்.

திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள். "வாட்ச்மேனுக்கு அது எங்க இருக்குன்னு தெரியுது தாத்தா. தலையை நீட்டி அந்தப் பக்கமே பாக்குது. நடுவுல ரவுடி இருக்கிறதாலதான் வரல. துப்பாக்கிக்குக் கண்ணு தெரியாது, அது தேடி வராது. வாட்ச்மேனுக்கு ஒளிஞ்சுக்கிட்டே போக ஒரு வண்டி வேணும்."

"மீனுக்கு வண்டியா?"

"உங்ககிட்ட வளைஞ்ச குழாய் இருக்குமே. சின்னதா. புதுசா. அப்புறம் உங்க ஷேவிங் கண்ணாடி."

என் பெட்டியில் பிளாஸ்டிக் எல்போ ஒன்று இருந்தது. நன்றாகக் கழுவி, பம்புக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தாள். ஷேவிங் கண்ணாடியைத் தொட்டியின் பின்பக்கம், வெளியே, ரவுடிக்கு நேராக நிறுத்தினாள்.

ரவுடி கண்ணாடியில் இன்னொரு ரவுடியைப் பார்த்தது. துடுப்பை விரித்தது. அந்த ரவுடியும் விரித்தது. முட்டியது. அதுவும் முட்டியது. அவ்வளவுதான், உலகமே மறந்துவிட்டது.

"உன் தாத்தாவும் சின்ன வயசுல இப்படித்தான்" என்றேன்.

"இப்பவும்தான்" என்றாள், திரும்பாமலே.

முக்கால் மணி நேரம் ஆனது. எனக்குக் கால் மரத்துப்போனது. வாட்ச்மேன் தலையை நீட்டியது. எல்போவைப் பார்த்தது. இருட்டான ஓட்டை, ஒளிய வசதி. சட்டென்று உள்ளே நுழைந்தது.

குண்டூசி மூச்சை அடக்கிக்கொண்டு கையைத் தண்ணீரில் விட்டாள். தோள் வரை சட்டை நனைந்தது. மண் மேல் எல்போவை அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். நான் வாய் வரை வந்த யோசனைகளை எல்லாம் விழுங்கினேன். எல்போவின் வாய், பொந்தின் வாசலைத் தொட்டது. கையை எடுத்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு பொந்துக்குள்ளிருந்து மண் சரிந்தது. துப்பாக்கி குப்பை தள்ளிக்கொண்டு வந்தது. வாசலுக்கு வந்ததும் வழக்கம் போல மீசையை நீட்டித் துழாவியது. எல்போவுக்குள் போன மீசை அப்படியே நின்றது.

வாட்ச்மேன் ஓடவில்லை. மெல்ல வெளியே வந்து, திரும்பி, வாசலில் வால் உள்பக்கமாக உட்கார்ந்தது. மீசை அதன் முதுகைத் தேடிப் பிடித்து, அதன் மேல் படுத்தது.

குண்டூசி என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஈரக் கை. நானும் பிடித்துக்கொண்டேன்.

வேலை முடிந்து வந்த அவள் அம்மா கதவைத் திறந்தாள். "என்ன இது, வீடெல்லாம் தண்ணி? ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா இல்லையா? எத்தனை தடவை..."

தொட்டிக்குள் துப்பாக்கி தன் தலையைவிடப் பெரிய கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது.

குண்டூசி உதட்டில் விரல் வைத்தாள். "ஷ்ஷ்... சத்தம் போடாதீங்கம்மா. வீடு கட்டுறாங்க."