எமர்ஜென்சி ஸ்டாக்கு

அட்டைப்பெட்டியின் டேப் அதுவரை பிரிக்கப்படவே இல்லை. ஆனால் உள்ளே மடித்திருந்த கவச உடை நனைந்திருந்தது.

சபேசன் விரலை முகர்ந்து பார்த்தார். பிளீச்சிங் பவுடர் கலந்த வியர்வை நாற்றம். விருத்தாசலத்தில் மூடிக் கிடந்த பீங்கான் தொழிற்சாலையின் பழைய சூளை அறைதான் அரசாங்கத்தின் கிடங்கு. ஈரமே அண்டாது என்று அதைப் பிடித்துக் கொடுத்தவரும் கிடங்குப் பொறுப்பாளரான அவர்தான். அடுக்கியது அடுக்கியபடியே உடைகள் காலாவதியாகிவிட்டன. மூன்று மணிக்கு லாரி வந்து அள்ளிப்போய் எரித்துவிட்டால் போதும். 'கொரோனா காலத்தில் கிடங்கில் உடையே இல்லை' என்று விசாரணையில் அவர் எழுதிக் கொடுத்த பொய்க்கு அப்புறம் சாட்சி கிடையாது. மனுஷன் கெட்டிக்காரர்தான், ஈவிரக்கம்தான் கிடையாது.

உடையை உதறினார். முதுகில் மார்க்கரில் கோணல் எழுத்து: 'கொளஞ்சி'. அன்று எல்லோர் முகமும் மூடியிருந்ததால், ஆள் தெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் இப்படித்தான் முதுகில் பேர் எழுதிக்கொண்டார்கள். ஆனால் கொளஞ்சியம்மாளுக்குத்தான் உடையே கிடைக்கவில்லையே!

கொரோனா வார்டைக் கூட்டித் துடைத்தவள் அவள். இதே வாசலில் வந்து நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு குடுங்க சார்."

"இது எமர்ஜென்சி ஸ்டாக்கும்மா. ஆர்டர் வந்தாதான் தொறப்பேன்."

"இது எமர்ஜென்சி இல்லீங்களா சார்?"

கிழிந்த மழைக்கோட்டு ஒன்றைத் தூக்கிப் போட்டு அவளை விரட்டினார். பன்னிரண்டாம் நாள் அவளையே பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிக் கொண்டுபோனார்கள்.

சபேசன் அடுத்த பெட்டியைக் கிழித்தார். கொளஞ்சி. அதற்கடுத்தது. கொளஞ்சி. எல்லாம் இப்போதுதான் கழற்றிப் போட்ட மாதிரி உடம்புச் சூட்டோடு இருந்தன. தரையில் படிந்திருந்த வெள்ளைக் களிமண் தூசியில் கம்பூட் தடங்கள் வாசலிலிருந்து உள்ளே வந்திருந்தன. வெளியே போன தடம் இல்லை.

இரும்புக் கதவு சாத்திக்கொண்டது.

சுவரில் கை வைத்தார். செங்கல் சுட்டது. எத்தனையோ வருஷத்துக்கு முன் அணைந்த சூளை. காற்று கொதித்தது. சட்டை ஒட்டியது. மூச்சு ஏறவில்லை.

"சாமிதுரை! கதவத் தொறய்யா!"

காவலாளி சாமிதுரை சாப்பிடப் போயிருந்தான். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். மரியாதையாகத்தான் பேசியது.

"ஆர்டர் வரலீங்களே சார்."

"அம்மா... எமர்ஜென்சிம்மா! மூச்சு முட்டுது!"

முதுகுக்குப் பின்னால் சரசரப்பு. ஒன்றல்ல, நூறு.

திரும்பினார். பெட்டிகள் எல்லாம் காலி. வெள்ளை உடைகள் வரிசை வரிசையாக நின்றன. கை கால் புடைத்திருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

முன்னால் நின்றது மட்டும் தொளதொளவென்று தொங்கியது. அது மெல்லத் திரும்பி முதுகைக் காட்டியது. மை இன்னும் காயவில்லை.

'சபேசன் சார்.'

மறுபடி அவர் பக்கம் திரும்பியது. அதன் ஜிப் கழுத்திலிருந்து கீழே இறங்கத் தொடங்கியது.