மறக்காத சிப்

ஆல்வின் செத்துக் கிடந்தான்.

முடிச்சூர் வீட்டின் முன்னறைதான் அவன் லேப். கணுக்கால் அளவு மழைத் தண்ணீர். அதில் ஒரு கருகிய ஒயர்...

காலை ஒன்பது மணி.

"ஷாக் சார்," என்றார் ஏட்டு சின்னப்பன். "தண்ணி பூந்துகினு கீது. இந்த ஏரியாவுல இது சகஜம்."

இன்ஸ்பெக்டர் தயாளன் சுவரைப் பார்த்தார். மெயின் ஸ்விட்ச் ஆஃபில் இருந்தது.

"ஆஃப் பண்ணது நீங்களாம்மா?"

"இல்ல சார்," என்றாள் ஆல்வினின் மனைவி ஷீலா. அழுதழுது குரலே போயிருந்தது. "சர்ச்சுலேர்ந்து வந்தப்பவே ஆஃப்லதான் இருந்துச்சு."

"தண்ணி வந்தா முடிச்சூர்ல முதல்ல மெயினைத்தான் ஆஃப் பண்ணுவாங்க," என்று குறுக்கிட்டான் ஸ்ரீரங்கன், ஆல்வினின் கம்பெனிப் பங்குதாரர். "ஆல்வினே பண்ணியிருப்பார்."

"பண்ணிட்டு, கரன்ட் இல்லாத ஒயர்ல ஷாக் அடிச்சுக்கிட்டாரா?"



தயாளன் மூலையிலிருந்த காமிராவைக் காட்டினார். "அதுல ஏதாவது பதிவாகியிருக்குமா?"

"சான்ஸே இல்ல சார். அதுல இருக்கறது சாதா ரேம் மெமரி, கரன்ட் போனா எல்லாம் அழிஞ்சுடும்." ஸ்ரீரங்கன்தான் சொன்னான், யாரும் அவனைக் கேட்காமலே. நுணலும் தன் வாயால் கெடும்!

ஷீலா நிமிர்ந்தாள்.

"நேத்து வரைக்கும் அப்படித்தான் சார். நேத்து ராத்திரி அவர் கண்டுபிடிச்ச மெமரி சிப்பை அதுல மாட்டினார். கரன்ட்டே இல்லாம பத்து வருஷம் மறக்காது."

ஸ்ரீரங்கன் வாசலை நோக்கி நகர்ந்தான். சின்னப்பன் குறுக்கே நின்றார்.

"இன்னா சார் அவசரம்?"

ஷீலா காமிராவிலிருந்து சிப்பைக் கழற்றி லேப்டாப்பில் செருகினாள். படம் ஓடியது. கையுறையோடு ஸ்ரீரங்கன். கையில் ஒயர். கடைசியாக, மெயின் ஸ்விட்ச்சில் அவன் விரல்...

"கூடுவாஞ்சேரி குடோன் பூரா பழைய ரேம் மெமரி வாங்கிப் போட்டிருக்கேன்," என்று உடைந்தான் ஸ்ரீரங்கன். "விலை தங்கம் மாதிரி ஏறுது. இந்த சிப் மார்க்கெட்டுக்கு வந்தா நான் தெருவுலதான்."

தயாளன் சிப்புக்காகக் கை நீட்டினார். ஷீலா அதை லேப்டாப்பிலிருந்து உருவிக் கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் சார். இருக்கறதே இது ஒண்ணுதான். எப்படிச் செய்யறதுன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். நாளைக்கு நாவலூர்ல ஒரு கம்பெனிக்குக் காட்டணும். காட்டலைன்னா அவரோட எட்டு வருஷ உழைப்பும் போச்சு. வீடியோவைக் காப்பி எடுத்துக்கோங்களேன்..."

"ஒரிஜினல்தான்மா கோர்ட்டுக்குப் போகணும். இது இல்லன்னா இவன் வெளியே வந்துடுவான்."

ஷீலா கணவனைப் பார்த்தாள். அவன் என்ன சொல்வான், பாவம்!

விரல்களைத் திறந்தாள்.

சிப் சின்னக் கவருக்குள் போனது. சின்னப்பன் அரக்கை உருக்கி சீல் வைத்தார். அவ்வளவுதான். இனி அது வழக்கின் சான்றுப் பொருள்.

"பத்து வருஷம் மறக்காதுன்னீங்களே... யாராவது டெஸ்ட் பண்ணிப் பார்த்தாங்களா?"

"இல்ல சார். அந்த கம்பெனிக்காரங்களும் அதைத்தான் கேட்டாங்க."

தயாளன் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"கவலைப்படாதீங்கம்மா. அந்த டெஸ்ட்டை நம்ம கோர்ட்டு பார்த்துக்கும்."