பழுது ஏதுமில்லை

அழகில்லாத எந்தப் பொருளாலும் மனிதர்களை ஒன்று சேர்க்க முடிந்ததில்லை, இனி முடியப்போவதும் இல்லை. புவியீர்ப்புக்கு அடுத்தபடியாக இயற்கையில் இருக்கும் உறுதியான விதி இதுதான். கிளாட்சன் இதை அறிவித்தபோது அவன் வாயில் பற்பசை நுரை இருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை. விடுதிக் குளியலறையில் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் கொப்பளிப்பதை நிறுத்திவிட்டு மரியாதையாகக் கேட்டார்கள்.

எங்களுக்கு எதிரே சுவரில் ஒரு சாம்பல் நிறத் திரை. தூத்துக்குடிக் கரையிலிருந்து கிழக்கே நாற்பது கிலோமீட்டர் தூரம் கடல்மேல் சிதறிக் கிடக்கும் மிதவூரில், நாலாயிரத்துச் சொச்சம் வீடுகளிலும் அதே திரை உண்டு. காலையில் வீட்டுக்கு ஒருவர் அதன்முன் நின்று படிவத்தை நிரப்ப வேண்டும். பம்பு எண், பெயர், பழுதின் வகை, விவரம். கரையில் இருக்கும் எங்கள் கல்லூரி விடுதிக்குப் பம்பு கிடையாது. எண் போடாமல் படிவம் நகராது என்பதால் 0000 என்று போடுவோம்.

"பாருலே மக்கா, எலி நிறம்" என்றான் என்னிடம். "எழுத்த வாசிக்க பூதக்கண்ணாடி வேணும். 'அனுப்பு' பொத்தான ஒட்டியே 'அழி' பொத்தான். இத வெச்சுக்கிட்டு ஒரு ஊரே பேசிக்கிடுது. வெக்கமா இல்ல?"

அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. கடல் ஏறிக் கரையோரத் தெருக்களை எடுத்துக்கொண்ட காலத்தில்தான் மக்கள் மிதவைகளுக்குக் குடிபோனார்கள். ஒவ்வொரு மிதவைக்கு அடியிலும், புகுந்த நீரை வெளியேற்றும் ஒரு பம்பு. அது நின்றால் மூன்று மணி நேரத்தில் வீடு மீன்களுக்குச் சொந்தம். அதனால் பம்புத் துறை ஒரு புகார்ப் படிவம் செய்தது. அக்கம்பக்கத்தார் உதவிக்கு ஓடிவரட்டும் என்று, யார் புகாரையும் யாரும் வாசிக்கலாம் என வைத்தது. மறுவாரமே 'விவரம்' என்ற கட்டத்தில் கல்யாணச் செய்தியும் மீன் வரத்தும் மாமியார் மருமகள் வழக்குகளும் வரத் தொடங்கின. ஐம்பத்தெட்டு ஆண்டுகளாக மிதவூரின் சமூக வலைத்தளம் அந்தப் புகார்ப் படிவம்தான்.

இப்போதைய பம்புகள் தம்மைத் தாமே சரிசெய்துகொள்ளும் தன்சீர் வகை. பதினோரு வருடமாக ஒரு பம்புகூட நின்றதில்லை. ஆனாலும் தினமும் நாலாயிரம் புகார்கள் வருகின்றன. பெரும்பாலானவற்றில் ஒரே வரி: பழுது ஏதுமில்லை.

"ஒண்ணுமில்லன்னு சொல்ல ஒரு புகார்!" கிளாட்சனுக்கு இதுதான் தாங்கவில்லை. "உலகத்துலயே அசிங்கமான பக்கத்துல உலகத்துலயே வெத்தான வரி. செத்தாலும் அத நான் எழுத மாட்டேன்லே."

அதனால்தான் நாங்கள் இறுதியாண்டுத் திட்டமாகப் 'பவளம்' செய்தோம். புதிய ஒளிநார்க் கேபிள் அந்த ஆண்டுதான் மிதவூருக்கு வந்திருந்தது, கண்வில்லைகளும் வந்திருந்தன. வடிவமைப்பு அவன், நிரல் நான். கண்வில்லையை அணிந்தால் உங்களைச் சுற்றியுள்ள காற்று தெளிந்த கடலாகிவிடும். உங்களுக்கு வேண்டியவர் ஒவ்வொருவரும் அதில் ஒரு பவளம். அவர் எதையாவது சொன்னால் அந்தப் பவளத்தில் ஒரு மொட்டு விரிந்து சொற்கள் ஒளியாகக் கசியும். மூன்று வருடம் அவனோடு ஒரே அறையில் இருந்து அவன் பெருமைகளைச் சகித்தவன் நான். முதன்முதலாக அதை அணிந்துபார்த்த அன்று அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் எங்களுக்குள் வாக்குவாதம். பல நாள் பேசாதவர்களின் பவளம் மங்கிப்போகட்டும் என்றேன் நான்.

"மங்கின பவளம் செத்த பவளம் மாதிரி இருக்கும். வீட்டுக்குள்ள யாராவது பொணத்த மாட்டி வெப்பானா? பேசாதவங்க பவளம் இன்னும் அழகா, மூச்சு விடுத மாதிரி ஒளிரட்டும்."

பேராசிரியர்கள் குறிப்பாக அந்த அம்சத்துக்காகவே முதல் பரிசு கொடுத்தார்கள்.

முதல் பயனர் அவனுடைய அக்கா மெட்டில்டா. மிதவூரின் கிழக்கு ஓரத்தில் 2217ஆம் மிதவையில் தனியாக இருந்து கடற்பாசி வளர்ப்பவர். பெற்றோர் போன பிறகு கிளாட்சனை வளர்த்து ஆளாக்கியவரும் அவர்தான். பாசிக் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கண்வில்லையை அணிந்தவர், ஈரக் கையை நீட்டி வெறும் காற்றைத் தொட்டார்.

"ஏல கிளாடு, இது நீ செஞ்சதாலே?" கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடைமுறைக்கு வந்தார். "சரி, காலைல இதுல என்ன எழுதணும்? பழுது ஏதுமில்லைன்னு போட்டுரவா?"

"அத எழுதி இத நாசமாக்காதக்கா."

"அதுவும் சரிதான்" என்றார் அக்கா, பவளங்களிலிருந்து கண்ணை எடுக்காமல். "இவ்ளோ அழகா இருக்கதுல போயி அத எழுதக்கூடாதுதான்."

இருபத்தொன்பது நாளில் மிதவூரில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் பவளத்தில் சேர்ந்தார்கள். ஒருவர்கூட விலகவில்லை. எழுதுவது மட்டும் கொஞ்சம் குறைந்தது. ஒரு பெரியவர் நான்கு நாள் யோசித்து, தகுதியான ஒரு சூரிய உதயம் கிடைத்த பிறகே தன் முதல் மொட்டை விரித்தார். "ரசனை உயருது" என்று கிளாட்சன் விளக்கினான். ஊர்ச் சபை கூடி, முப்பதாம் நாள் காலை ஏழரை மணிக்குப் பழைய படிவத்தை நிறுத்திவிடுவது என்றும், மிதவூரின் கிழக்குப் பகுதியில் இருக்கும் பம்பு கோபுரத்தில் அந்த சுவிட்சைக் கிளாட்சனே அணைப்பது என்றும் தீர்மானித்தது. அவன் புதுச்சட்டை தைத்துக்கொண்டான்.

அன்று விடியுமுன்பே கோபுரத்தின் உச்சியறைக்குப் போய்விட்டோம். எங்கள் இருவருக்கும் சூரிய உதயம் என்பது கேள்விப்பட்ட விஷயம். அறைப் பொறுப்பாளர் டெல்சி அக்கா மக்ரூன் டப்பாவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். நான்கு பக்கமும் கண்ணாடி, வெளியே கடல். ஒரு சுவர் முழுக்கக் கரும்பலகை; அதில் மிதவூரின் வரைபடம்போல நாலாயிரம் சின்ன விளக்குகள். ஒரு வீட்டுப் படிவம் வந்து சேர்ந்தால் அந்த வீட்டு விளக்கு எரியும். எல்லாம் அணைந்து கிடந்தன.

"யாரும் அனுப்பலையோ?" என்றான் கிளாட்சன், நம்பிக்கையோடு.

"பொறு தம்பி. சூரியன் விளிம்பு தெரிஞ்சாத்தான் அனுப்புவாங்க. அதான் பழக்கம்."

கிழக்கு ஓரத்தில் ஒரு விளக்கு எரிந்தது. அடுத்து பத்து. பிறகு விளிம்பு முழுவதும் பற்றிக்கொண்டது. பூமி சுழலும் வேகத்தில் காலை வெளிச்சம் மேற்கே நகர நகர, பலகையில் விளக்குகளும் ஒரு அலையாக மேற்கே நகர்ந்தன. நாற்பது கிலோமீட்டரைக் கடக்க அந்த அலைக்கு ஒன்றரை நிமிடம் பிடித்தது. யாரும் தாளம் போடவில்லை, யாரும் ஒத்திகை பார்க்கவில்லை. நாலாயிரம் வீடுகள், ஒவ்வொன்றிலும் தூக்கம் கலையாத ஒருவர், மோசமான ஒரு பொத்தானைத் தேடி அழுத்துகிறார். பூமி திரும்புவதைச் சுவரில் பார்த்துவிட்டோம்போல இருந்தது. என் கையில் இருந்த மக்ரூனைக் கடிக்க மறந்திருந்தேன்.

வெகுநேரம் கழித்து கிளாட்சன் கேட்டான்: "இவங்கல்லாம் பவளத்துல இருக்காங்கல்லக்கா?"

"நானும்தான் இருக்கேன். அருமையா செஞ்சிருக்க தம்பி, கோயிலுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு" என்றார் டெல்சி அக்கா. "ஆனா கோயிலுக்குள்ள நின்னு 'நான் எந்திச்சிட்டேன்'னு சத்தம் போட முடியுமா, சொல்லு?"

அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். கிழக்கு ஓரத்தில் ஒரே ஒரு விளக்கு எரியாமல் இருந்தது. அத்தனை வெளிச்சத்துக்கு நடுவில் அந்தப் புள்ளி, பல் விழுந்த இடம்போல அசிங்கமாகத் தெரிந்தது. கீழே எண்: 2217, மெட்டில்டா அக்காவின் மிதவை.

கிளாட்சன் உடனே கண்வில்லையை அணிந்தான். "அக்கா பவளம் நல்லாதான் இருக்கு. ஒளிருதே. ரொம்ப அழகா..." சொல்லும்போதே அவன் குரல் இறங்கியது. அக்கா பவளத்தில் கடைசியாக எழுதிப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. பேசாதவர்களின் பவளம் எப்படி ஒளிர வேண்டும் என்று தீர்மானித்தவனுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அழைத்தான். பதில் இல்லை. மறுபடி அழைத்தான். பவளம் மட்டும் அமைதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"படகு... படகு வேணும்க்கா, உடனே!"

"வெளிய பாரு" என்றார் டெல்சி அக்கா.

கடலில் வெள்ளைக் கோடுகள். எண்ணினேன், பதினொன்று. பதினோரு மிதவைகளிலிருந்து, பதினோரு திசைகளிலிருந்து, படகுகள் ஒரே புள்ளியை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தன. இங்கிருந்து யாரும் சொல்லவில்லை. அவரவர் திரையில் ஒரு வரி குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றிடம்.

"பம்பு நல்லாத்தான் ஓடும் தம்பி. உள்ள ஆளு நல்லாருக்கான்னு யாரு பாக்குறது?"

கிளாட்சன் கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றான். முதல் படகு மிதவையை நெருங்கியபோது 2217இன் விளக்கு எரிந்தது. டெல்சி அக்கா திரையில் வந்ததை உரக்கப் படித்தார்.

"பழுதின் வகை: மற்றவை. விவரம்: ஒரு நாள் கொஞ்சம் கூடுதலாத் தூங்கினா படை எடுத்து வருவீங்களாக்கும்? பதினோரு பேருக்குக் காப்பி போட எங்கிட்ட பால் இல்ல. பழுது ஏதுமில்லை."

ஒரு படகு மட்டும் வட்டமடித்து வந்த வழியே திரும்பியது. பால் எடுக்கத்தான் என்று பிறகு தெரிந்தது.

மணி ஏழரை ஆகியிருந்தது. சபைத் தலைவரின் குரல் ஒலிபெருக்கியில் இரண்டு முறை கிளாட்சனின் பெயரைச் சொன்னது. டெல்சி அக்கா சுவிட்சைக் காட்டிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். அவன் சுவிட்சின் பக்கம் போகவில்லை. புதுச்சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அறை மூலையில் இருந்த சாம்பல் நிறத் திரைக்குப் போனான்.

"நீ கடலப் பாருலே" என்றான் என்னிடம்.

நான் கடலைப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் தட்டும் சத்தம். பிறகு ஒரு மெல்லிய கெட்ட வார்த்தை. 'அனுப்பு' என்று நினைத்து 'அழி'யை அழுத்தியிருப்பான், எல்லோரும் செய்வதுதான். மறுபடி முதலிலிருந்து தட்டினான்.

திரும்பிப் பார்த்தபோது பட்டியலின் கடைசியில், எலி நிறத்தில், வாசிக்கச் சிரமமான எழுத்தில் ஒரு வரி ஏறியிருந்தது.

0000. கிளாட்சன். பழுது ஏதுமில்லை.