கன்றுப் பட்டை

செத்துப்போன மாடு தண்ணீர் குடித்திருப்பதாகப் போன் சொன்னது.

அடுப்பில் பிள்ளைக்குப் பால் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு கண் பாத்திரத்திலும் ஒரு கண் ஜன்னலுக்கு வெளியே கொட்டுகிற மழையிலுமாக நின்றிருந்தவள், டிங் என்ற சத்தம் கேட்டுத் திரும்பினாள். பண்ணை ஆப்தான். எந்த மாடு அசைபோட்டது, எது படுத்தது, எதற்குக் காய்ச்சல் என்று பொழுதுக்கும் நச்சரிக்கும் அதை அவள் பாதி நேரம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இதையும் விட்டிருப்பாள். பெயர்தான் கண்ணில் பட்டுத் தொலைத்தது. சீமாட்டி, தண்ணீர் குடித்தது.

சீமாட்டியைப் போன வாரம்தான் புதைத்திருந்தார்கள்.

மாட்டுக்கு ஒன்று என்று விரல் நீளத்தில் ஒரு சென்சார். தொண்டைக்குள் தள்ளி விழுங்கவைத்துவிட்டால் ஆயுசுக்கும் வயிற்றிலேயே கிடக்கும். வீட்டில் அதற்கு மாத்திரை என்று பெயர். அது வயிற்றின் சூட்டை அளந்துகொண்டே இருக்கும். சூடு சட்டென்று இறங்கினால் மாடு தண்ணீர் குடித்திருக்கிறது என்று அதுவாகவே முடிவு கட்டிக்கொள்ளும். சீமாட்டிக்கு நிறைசினை. கன்று குறுக்கே திரும்பிக்கொண்டதில், மாட்டு டாக்டர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோனது. மாத்திரையோடு, காதுப்பட்டையோடு, வயிற்றுக்குள் இருந்த கன்றோடு அப்படியே தீவனப்புல் வயலின் கடைசி மூலையில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துச் சுண்ணாம்பு கொட்டினார்கள். சாகும்வரைக்கும் அந்த மாடு கழுத்தைத் திருப்பித் திருப்பித் தன் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, கன்று விழுந்துவிட்டதா என்று தேடுகிற மாதிரி.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. "சனியனே" என்று யாரையோ திட்டிக்கொண்டே அடுப்பை அணைத்தாள்.

கணவன் சாயங்காலப் பாலை வண்டியில் ஏற்றிக்கொண்டு குளிரூட்டும் நிலையத்துக்குப் போயிருந்தான். போன் செய்தாள். பின்னால் லாரி ஹாரன்களும் மழைச் சத்தமும் கலந்து அவன் குரல் வந்தது.

"ஏங்க, சீமாட்டி தண்ணி குடிச்சிருக்காம்."

"எந்தச் சீமாட்டி?"

"நம்ம வீட்ல எத்தன சீமாட்டிங்க இருக்கு? செத்ததுதான்."

அவன் சிரித்தான். "மழத்தண்ணி குழிக்குள்ள எறங்கியிருக்கும்மா. மாத்திரை குளுந்திருக்கும். அது தண்ணி குடிச்சதுன்னு சொல்லிருச்சு. இதுக்கா பயந்துட்ட?"

"நான் ஒன்னும் பயப்படல."

"பாலத்து மேல தண்ணி போகுது. வண்டிங்க எல்லாம் நிக்குது. வர லேட்டாகும், கதவச் சாத்திக்க."

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. பாலை ஆற்றிப் புட்டியில் ஊற்றினாள். ஊற்றும்போதுதான் ஞாபகம் வந்தது: புதைத்த அன்றே சீமாட்டியின் சூட்டைக் காட்டும் கோடு ஆப்பில் நின்றுபோயிற்று. அத்தனை மண்ணைத் தாண்டி சிக்னல் வராது என்று சொன்னவனும் இதே புருஷன்தான்.

உள்ளறையில் தரையில் விரித்த மெத்தையில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு, உலகத்தையே ஜெயித்துவிட்ட மாதிரி ஒரு தூக்கம். இன்னும் நடக்கவில்லை, ஆனால் தவழ்கிற வேகத்துக்கு யாரும் ஈடுகொடுக்க முடியாது. போன மாதம் அவள் துணி காயப்போடுகிற நேரத்தில் முற்றத்தைத் தாண்டி, சாணித் தண்ணீர்த் தொட்டியின் விளிம்புவரைக்கும் போய்விட்டது. அன்றைக்கு அவளுக்குப் போன உயிர் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் கணவன் கன்றுக்குட்டிகளுக்குப் போடும் சென்சார் பட்டை ஒன்றைப் பிள்ளையின் கணுக்காலில் மாட்டிவிட்டான். வாசலைத் தாண்டினால் போன் கத்தும். கேட்கிறவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அதற்கப்புறம்தான் அவள் நிம்மதியாகக் குளிக்கவே ஆரம்பித்தாள்.

பட்டையில் கடுகளவு பச்சை விளக்கு மின்னி மின்னி அணைந்தது. போர்வையை இழுத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

உட்கார முடியவில்லை. எழுந்தாள். வாசல் தாழ்ப்பாளைப் பார்த்தாள், பின்கட்டுத் தாழ்ப்பாளைப் பார்த்தாள், மறுபடி வந்து உட்கார்ந்தாள். மழை ஓட்டில் அடிக்கிற சத்தத்துக்கு நடுவே தொழுவத்திலிருந்து சங்கிலி உரசுகிற சத்தம், ஒரு செருமல், ஈரச் சாணத்தின் வாடை, எல்லாம் தினமும் இருக்கிறதுதான். ஆனாலும் ஏதோ ஒன்று இடித்தது. போனை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள்.

தீவனப்புல் வயலில் மண்ணின் ஈரத்தை அளக்க வரிசையாகச் சென்சார் குச்சிகள் நட்டிருந்தார்கள். ஆப்பில் அவை பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். கடைசி மூலையில், குழிக்குப் பக்கத்துப் புள்ளி சிவப்பாகியிருந்தது. தொடர்பு இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்கடுத்த புள்ளியும் சிவந்தது.

சென்சார்களை மாட்டிக்கொடுத்தவருக்குப் போன் போட்டாள். நல்ல மனிதர், எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் எடுப்பார்.

"அண்ணே, வயல் குச்சிங்க ஒன்னொன்னா போகுதுண்ணே."

"மழைல அப்படித்தான்மா. உள்ள தண்ணி பூந்துரும். காஞ்சா வந்துரும்."

"இல்லண்ணே, வரிசையா போகுது. ஓரத்துல இருந்து வீட்டப் பாத்து."

"வயல்ல மாடு ஏதாவது அவுத்துகிட்டு நடக்குதா பாரு தங்கச்சி," என்றார். "மாடு மிதிச்சாதான் அப்படி வரிசையா சாயும்."

அவள் வைத்துவிட்டாள்.

மாடுகள் எல்லாம் தொழுவத்தில் இருக்கின்றன. ஆப் சொன்னது. ஒவ்வொன்றின் பெயருக்கும் எதிரே "அசைபோடுகிறது" என்று இருந்தது. சீமாட்டியின் பெயருக்கு எதிரேயும் ஒரு வார்த்தை இருந்தது. "நடக்கிறது."

பயமாக இருந்தது, பச்சையாகப் பயமாக இருந்தது. இருந்தாலும் ஒரு பாழாய்ப்போன வீம்பு. மிஷின்தானே, கோளாறாக இருக்கும். செத்த மாட்டின் பெயரை வீட்டுக்காரர் ஏன் இன்னும் எடுக்காமல் வைத்திருக்கிறார்? அதை எடுத்தாலே தலைவலி தீர்ந்தது. அவளே சீமாட்டியின் பக்கத்தைத் திறந்து, கீழே இருந்த "இறந்தது" என்ற பொத்தானை அழுத்தினாள்.

ஆப் ஒரு கேள்வி கேட்டது.

இந்த மாட்டின் கன்றும் சேர்த்து நீக்கப்படும். சரியா?

எந்தக் கன்று? கன்றுதான் பிறக்கவே இல்லையே.

கணவனுக்கு மறுபடி போன் செய்தாள். "சீமாட்டிக்குக் கன்னு இருக்குன்னு காட்டுதுங்க."

"அழுத்திராத!" அவன் அவசரமாகச் சொன்னான். "அது நம்ம குட்டியோட பட்டைம்மா. கன்னுப் பட்டைய தனியா பதிய முடியாது. ஏதாவது ஒரு தாய்க்குக் கீழதான் பதியணும். சீமாட்டி கன்னுக்குன்னு வாங்கி வச்ச பட்டைதான அது? அதான் சீமாட்டி பேர்லயே போட்டுட்டேன். மாட்ட எடுத்தா பட்டையும் போயிரும். அதனாலதான் அதை எடுக்காம வச்சிருக்கேன்."

"அப்ப என் பிள்ளைய அந்த மாட்டுக்குப் பிள்ளைன்னு எழுதி வச்சிருக்கீங்க."

"அட, ஆப்புலதானே..."

லைன் அறுந்தது. திரும்ப அடித்தாள். கிடைக்கவில்லை.

இப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. சீமாட்டியைப் புதைத்த நாளிலிருந்து ஆப் ஒரு செய்தியை விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. கன்று தாயைப் பிரிந்திருக்கிறது. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே அதைப் படித்து, "நான் இங்கதான்டா குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்" என்று போனைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். தாய் என்று அது சொன்னது தன்னைத்தான் என்றே நினைத்திருந்தாள்.

இன்றைக்கு மத்தியானத்திலிருந்து அந்தச் செய்தி வரவில்லை.

வயலின் கடைசிப் பச்சைப் புள்ளியும் சிவந்தது. அதற்கப்புறம் முற்றம்தான்.

"சரி" என்பதன்மேல் விரலைக் கொண்டுபோனாள். விரல் இறங்கவில்லை. நீக்கவா என்று கேட்கிறது. பிள்ளையை நீக்கவா என்று. பெற்றவள் கையால் அதை எப்படி அழுத்துவது? ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? தலையில் அடித்துக்கொண்டு போனை இடுப்பில் செருகினாள். பட்டையை அறுத்து எறிந்துவிடலாம். அதுதான் சரி. பட்டை இல்லாவிட்டால் கன்றும் இல்லை.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள். கன்று உதைத்தாலும் அறாத பட்டை, கத்தரி வழுக்கியது. இன்னொரு முறை கொடுத்தாள். கோடுகூட விழவில்லை. பிள்ளை தூக்கத்தில் சிணுங்கிக் காலை இழுத்துக்கொண்டது.

வெளியே இரும்பு கிரீச்சிட்டது.

வயலிலிருந்து மாடுகள் முற்றத்துக்கு வருகிற கதவு. அது தானியங்கிக் கதவு. மாட்டின் காதுப்பட்டையைக் கண்டால் மட்டும் திறக்கும். ஆளுக்குத் திறக்காது. காற்றுக்குத் திறக்காது.

திறந்தது. மூடியது.

தொழுவத்தில் சங்கிலிச் சத்தம் நின்றது. செருமல் நின்றது. மாடுகள் மொத்தமும் ஒரே நேரத்தில் அசைபோடுவதை நிறுத்திவிட்டதை அவள் சுவருக்கு இந்தப்பக்கம் இருந்தே உணர்ந்தாள். மழை மட்டும் பெய்தது.

கட்டிங் பிளேயர் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், கணவனின் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டே போகலாமா? எழுந்து அழும். அழுதால் கேட்கும். யாருக்குக் கேட்கும் என்பதை அவள் யோசிக்க விரும்பவில்லை. நடுவில் ஒரே ஒரு சுவர்தான். ஓடிப்போய் ஓடி வந்துவிடலாம்.

ஓடினாள்.

மண்டியிட்டுப் பெட்டியை இழுத்தாள். ஸ்பேனர். ஆணி. கயிறு. பால் கறவை மிஷினின் பழைய ரப்பர். எங்கே வைத்துத் தொலைத்தார்?

கரண்ட் போனது.

இருட்டில் கைவிட்டுத் துழாவினாள். விரலை ஏதோ கிழித்தது. பிளேயர். பிடித்துவிட்டாள். எழுந்தாள்.

அப்போது வாடை வந்தது. மழை வாடை இல்லை. வெந்த சுண்ணாம்பு. அடிமண். அதற்கும் அடியில், இனிப்பாக, கெட்டியாக, புதிதாகக் கன்று போட்ட மாட்டின் மடி வாடை. வீட்டுக்கு உள்ளே.

இடுப்பில் செருகியிருந்த போன் டிங் என்றது. அவள் பார்க்கவில்லை.

நடையில் கால் வழுக்கியது. ஈரம். சேறு. கதவுகள் சாத்தியபடியே இருந்தன. தாழ்ப்பாள் போட்டபடியே.

உள்ளறை. இருட்டு. குனிந்து மெத்தையைத் தடவினாள்.

சூடு இருந்தது. பிள்ளை இல்லை.

"குட்டி..." சத்தம் வெளியே வரவில்லை. "குட்டி, அம்மாகிட்ட வாடா."

அறையின் அந்தக் கோடியில், தரையை ஒட்டி, கடுகளவு பச்சை வெளிச்சம் மின்னியது. கணுக்கால் பட்டை. இருக்கிறது. பிள்ளை இருக்கிறது! போன உயிர் வந்தது. ஓரடி வைத்தாள்.

சத்தம் கேட்டது. சப்புச் சப்பென்று. பசித்த வாய் பால் இழுக்கிற சத்தம். புட்டி சமையலறையிலேயே இருந்தது.

இன்னொரு பச்சை வெளிச்சமும் இருந்தது. முதலில் அவள் அதைப் பார்க்கவில்லை, கீழேயே பார்த்துக்கொண்டிருந்ததால். அது மேலே இருந்தது. அவள் தலை உயரத்துக்கு. ஒரு காது இருக்கவேண்டிய உயரத்துக்கு.

அது மெதுவாகக் கீழே இறங்கியது. பிள்ளையின் பக்கத்தில் வந்து நின்றது. நக்குகிற சத்தம். சொரசொரப்பான, பொறுமையான, நீள நீளமான நக்கல்.

பிளேயர் கையிலிருந்து நழுவியது. அலற வாயைத் திறந்தாள். போனை இழுத்து முன்னால் நீட்டினாள். திரையில் செய்தி ஒளிர்ந்தது. கன்று தாயுடன் இருக்கிறது. பால் குடிக்கிறது.

அந்த வெளிச்சம் பிள்ளையின் முகம்வரைக்கும்தான் எட்டியது. தலைமுடி முழுவதும் ஈரமாக, ஒரே பக்கமாக, மேல்நோக்கி நக்கி வாரப்பட்டிருந்தது. உதட்டிலும் முகவாயிலும் மஞ்சளாகச் சீம்பால் வழிந்தது.

"கண்ணு," என்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

பிள்ளை அவளைப் பார்த்தது. யாரோ என்று பார்த்துவிட்டு, இருட்டுக்குள் முகத்தைத் திருப்பி மறுபடி குடிக்கத் தொடங்கியது.