கடலூர் தொல்லை

சிதம்பரம் கீழ வீதியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் உத்திராபதிக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள். மிஷினைப் பற்றித் தெரிந்தவன், தெரியாத முட்டாள். முதல் வகையில் அவன் ஒருவன்தான் இருந்தான்.

கத்திரி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு பகலில், பதினொன்றரை மணிக்கு, கடலூர் திருப்பாதிரிப்புலியூர் தேரடிக்குப் பின்னால் ஒரு பழைய ஓட்டு வீட்டின் முன்னால் அவன் பைக்கை நிறுத்தினான். சும்மா பார்த்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். உத்திராபதி காசு வேண்டாம் என்றால் அதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று அவன் பெண்டாட்டிக்கே தெரியும்.

இருந்தது. அந்த வீட்டு மிஷினுக்குள் அவன் செய்துவைத்த கோளாறு ஒன்று இருந்தது. வேறொரு மெக்கானிக் கண்ணில் படுமுன் அதை அழித்தாக வேண்டும்.

போன வருஷம் அந்தக் கம்ப்யூட்டரை அவனிடம் வாங்கியவன் சித்தார்த். இருபத்தாறு வயது, கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைத்தவன். வேகம் வேண்டும் என்று கேட்டான். உத்திராபதி அதன் மூளையான பிராசஸரை அளவுக்கு மேல் முடுக்கி, ஐம்பத்திரண்டு என்ற வேக எண்ணில் வைத்துக் கொடுத்தான். அது வேறொரு மிஷினில் ஓடிய எண். ஒரு பிராசஸர் தாங்குவதை இன்னொன்று தாங்காது, ராத்திரி முழுக்க ஓடவிட்டுச் சோதிக்க வேண்டும் என்றெல்லாம் அவனுக்குத் தெரியும். அவன் சோதித்தது ஒரு டீ குடிக்கும் நேரம். பிறகு அந்த செட்டிங்கைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினான், கேபினட்டில் 'கிழித்தால் வாரண்டி இல்லை' என்று ஸ்டிக்கரும் ஒட்டினான்.

மிஷின் ஒவ்வொரு வீடியோவும் முடியப்போகும் நேரம் பார்த்து நீலத் திரை காட்டிப் படுத்தது. சித்தார்த் பதினோரு தடவை போன் செய்தான். உத்திராபதி அந்த நம்பரைத் தன் போனில் 'கடலூர் தொல்லை' என்று பதிந்துவைத்தான்.

"அண்ணா, அம்பத்திரண்ட நாப்பத்தொம்பதா கொறச்சா சரியாயிடும்னு தோணுது. பாஸ்வேர்ட மட்டும் சொல்லுங்க, நானே மாத்திக்கிறேன்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? யூடியூப் பாத்தவன்லாம் எஞ்சினியரு! மூட்ட கட்டிக் கடைக்குக் கொண்டா."

பையன் கொண்டுவந்தான். ஐப்பசி மழையில், தன் மழைக்கோட்டை மிஷினுக்குச் சுற்றிவிட்டுத் தான் நனைந்துகொண்டு வந்தான். ஆலப்பாக்கம் தாண்டி, சாலை வேலைக்காகத் திருப்பிவிட்டிருந்த சேற்றில் வண்டி சறுக்கியது. மிஷின் ஒரு சொட்டுகூட நனையவில்லை. பையன் பிழைக்கவில்லை.

துக்கத்துக்குக்கூட உத்திராபதி போகவில்லை. "என்னைக் கேட்டா மழையில கெளம்பினான்?" என்று பக்கத்துக் கடையில் சொன்னதோடு சரி.

இப்போது ஆறு மாதம் கழித்து, சித்தார்த்தின் தங்கை தமிழ்ச்செல்வி அண்ணன் விட்ட வேலையைத் தொடர நினைத்தாள். நீங்கள் வராவிட்டால் பாண்டிச்சேரி மெக்கானிக்கிடம் காட்டுகிறேன் என்று போனில் சொன்னாள். அதனால்தான் இந்த தர்மப் பிரபு வெயிலில் வந்து இறங்கினான்.

"வாங்கண்ணா," என்றாள். அறையில் வெளிச்சம் குறைவு. மேஜைமேல் மிஷின். ஒரு மூலை நசுங்கியிருந்தது. முன்பக்கம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து கிடந்தது.

"பொட்டு வச்சா வேகமா ஓடுமா?" நகத்தால் சுரண்டி எறிந்தான்.

"அது எங்கண்ணன் வச்சதுங்க."

"அவன் போன் எங்க?"

"அங்கயே நொறுங்கிப்போச்சு. நம்பரையும் கட் பண்ணிட்டோம்."

அந்தப் பதினோரு அழைப்புக்கும் இனி சாட்சி இல்லை, நல்லதாகப் போயிற்று என்று உத்திராபதி நினைத்தான். நினைத்தான் என்பதை எழுதவே கூசுகிறது.

அவள் கீழே உதிர்ந்த பொட்டைப் பொறுக்கி எடுத்தாள். "பாஸ்வேர்ட சொல்லியிருந்தா போன்லயே ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்னு அண்ணன் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நெசமாண்ணா?"

"அதெல்லாம் போன்ல ஆவாதும்மா. கடைக்கு வந்தாத்தான் ஆவும்."

மிஷினுக்குள் விசிறி சுழலும் சத்தம் கேட்டது.

அவன் இன்னும் ஸ்விட்சைத் தொடவில்லை.

"நீ போட்டியா?"

"இல்லீங்களே."

திரை தானாக வந்து பாஸ்வேர்டு கேட்டது. சிதம்பரம், கடலூர் இரண்டு தாலுக்காவிலும் அவன் விற்ற எல்லா மிஷினுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான். கடைப் பெயரும் மூன்று எண்ணும். அடித்தான். தவறு என்றது. மறுபடி அடித்தான். தவறு. பட்டனை அழுத்தி அணைத்துவிட்டு, தான் ஒட்டிய ஸ்டிக்கரைத் தானே கிழித்து, உள்ளே இருந்த பொத்தான் பேட்டரியைக் கழற்றினான். அதைக் கழற்றினால் எந்தப் பாஸ்வேர்டும் அழிந்துவிடும். பத்து நிமிஷம் காத்திருந்தான்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. மழைச் சேற்று வாடை. வெளியே தார் உருகும் வெயில்.

கேபினட்டுக்குள்ளிருந்து ஒரு சொட்டு அவன் மணிக்கட்டில் விழுந்தது. சில்லென்று இருந்தது. துடைத்துப் பார்த்தான்.

செம்மண் கலந்த தண்ணீர்.

பேட்டரியைப் போட்டு மறுபடி இயக்கினான். அழிந்திருக்க வேண்டிய பாஸ்வேர்டைத் திரை மறுபடியும் கேட்டது. உத்திராபதி ஓரடி பின்னால் நகர்ந்தான். ஆனால் ஒரு பெண்பிள்ளை முன்னால் பயத்தைக் காட்டினால் கௌரவம் என்ன ஆவது?

"கடைக்கு எடுத்துட்டுப் போறேன்," என்றான்.

பைக்கின் பின்சீட்டில் வைத்து ரப்பர் கயிறு போட்டுக் கட்டினான். எந்த மூட்டையைக் கட்டிக் கொண்டா என்று சித்தார்த்திடம் சொன்னானோ, அதே மூட்டையை இப்போது தானே கட்டினான். தமிழ்ச்செல்வி உள்ளேபோய் ஒரு பழைய மழைக்கோட்டை எடுத்துவந்தாள். "சுத்திக்கிறீங்களா? அண்ணன் சுத்தாம எடுக்காது."

"கத்திரியில மழைக்கோட்டா?" சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். அவள் கோட்டுடன் வாசலிலேயே நின்றாள்.

ஆலப்பாக்கம் வரை ஒன்றுமில்லை. அதைத் தாண்டியதும் வண்டி பின்பக்கம் கனத்தது, ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி. கண்ணாடியைப் பார்த்தான்.

மிஷினைச் சுற்றி மழைக்கோட்டு இருந்தது.

அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கோட்டைக் கட்டிப்பிடித்தபடி இரண்டு கைகள்.

காதுக்குப் பக்கத்தில், நனைந்தவன் நடுங்கிப் பேசும் குரலில், "மெதுவாண்ணா. குலுங்கக் கூடாது."

சிதம்பரம் வரை உத்திராபதி இருபதைத் தாண்டவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. கடை வாசலில் இறங்கியபோது கோட்டும் இல்லை, ஆளும் இல்லை. பின்சீட்டு மட்டும் ஈரமாக இருந்தது.

மிஷினைக் கடை மேஜையில் வைத்துத் திரையை இணைத்தான். கரண்ட் கொடுப்பதற்குள் திரை ஒளிர்ந்தது. பாஸ்வேர்டு கேட்டது. அதே நேரம் சட்டைப்பையில் போன் அடித்தது.

கடலூர் தொல்லை.

மணி இரண்டு பத்து. எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. எண்ணிக்கொண்டே நின்றான். பதினோராவது தடவை எடுத்தான்.

"அண்ணா," என்றது குரல். பின்னால் மழைச் சத்தம். "பாஸ்வேர்ட மட்டும் சொல்லுங்கண்ணா."

"சொல்றேன் தம்பி, எழுதிக்க." வாழ்நாளில் முதல்முறையாக அவனைத் தம்பி என்றான். கடைப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான். சொல்லச் சொல்லத் திரையில் ஒவ்வொரு புள்ளியாக விழுந்தது. கீபோர்டை அவன் இன்னும் செருகவே இல்லை. கடைசி எண்ணைச் சொன்னதும் பூட்டுத் திறந்தது. ஐம்பத்திரண்டு, ஐம்பத்தொன்று, ஐம்பது, நாற்பத்தொன்பது என்று எண் தானாக இறங்கி நின்றது.

ஒன்றரை நிமிஷம்கூட ஆகவில்லை.

குரல் கோபமே இல்லாமல் கேட்டது.

"இவ்ளோதானாண்ணா?"

மறுநாள் மிஷினைக் கடலூருக்கு அனுப்பிவிட்டான். ராப்பகலாக ஓடுகிறது, ஒரு நாளும் நிற்கவில்லை, என்ன செய்தீர்கள் என்று ஒரு வாரம் கழித்துத் தமிழ்ச்செல்வி போனில் கேட்டாள். அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சித்தார்த்தின் தொல்லை அத்தோடு முடிந்துவிடும் என்று அவனுக்கே தெரியும். "பெரிய வேலைம்மா, போன்ல சொன்னாப் புரியாது," என்றான். ஜென்மத்தோடு பிறந்த திமிர் வேறு எப்படிப் போகும்?

அந்த நம்பரின் பெயரைச் 'சித்தார்த் தம்பி' என்று மாற்றினான். பிறகு அழித்தான். பிறகு போனையே மாற்றினான்.

இன்றும் தினம் மதியம் இரண்டு பத்துக்குப் புதுப் போன் அடிக்கிறது. திரையில் பழையபடி 'கடலூர் தொல்லை'. எடுக்காவிட்டால் கல்லாப் பக்கம் தரையில் செம்மண் தண்ணீர் ஊற ஆரம்பிக்கிறது. கடையில் வாடிக்கையாளர்கள் நிற்க, எல்லாம் தெரிந்த உத்திராபதி போனைக் காதில் வைத்து, தன் பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகச் சொல்கிறான்.