சாகும்போது சொன்ன ஓரெழுத்து

காலை 6.10. திருகோணமலை மீன்பிடி இறங்குதுறையின் படியில் அந்தத் தாய்லாந்துக்காரன் குப்புறக் கிடந்தான். விலாவில் கத்திக்குத்து. இயந்திரம் பழுதாகித் துறைமுகத்தில் ஒதுங்கி நிற்கும் கப்பலின் மாலுமி. கடவுச்சீட்டில் பெயர் தனாக்கிற்.

முதலில் ஓடிவந்தவர் காவலாளி தங்கரத்தினம்.

"உயிர் இருந்ததோ?" என்று சப் இன்ஸ்பெக்டர் சிவாஜினி கேட்டார்.

"ஓம் மிஸ். 'மூ... மூ...' எண்டு ரெண்டு தரம் சொன்னவன். பிறகு பேச்சில்லை."

இதற்கு மேல் பொலிசுக்கு வேறென்ன வேண்டும்? அந்தத் துறையில் படகோட்டி பாயிஸை யாரும் பாயிஸ் என்று கூப்பிடுவதில்லை. மூதூரிலிருந்து வருகிறவன், ஆகவே மூதூரான். கப்பல்காரர்களுக்கும் அந்தப் பெயர்தான் தெரியும். முந்தின நாள்தான் கப்பல் கயிறு தன் வலையைக் கிழித்துவிட்டதென்று செத்தவனோடு வாய்ச்சண்டை போட்டிருந்தான். பிறகென்ன, ஏழு மணிக்கெல்லாம் அவனைக் கூண்டில் போட்டாயிற்று. கைதுப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தது சிவாஜினி. பின்னேரம் நீதிமன்றத்தில் நிறுத்தினால் விளக்கமறியல், சிறைதான். கொலை வழக்கில் லேசில் பிணை கிடைக்காது. அவன் மனைவி ஜெஸீமா கைக்குழந்தையோடு நிலைய வாசலில் குந்தியிருந்தாள்.

பத்து மணிக்குப் பிணத்தை அடையாளம் காட்டக் கப்டன் வந்தார். துணியை விலக்கியதும், "லெக்," என்றார். கண் கலங்கிவிட்டது.

"தனாக்கிற் இல்லையா?" சிவாஜினி ஆங்கிலத்தில் கேட்டார்.

"அது கடவுச்சீட்டுக்கு. எங்கள் நாட்டில் பிறந்ததும் ஒரு குட்டிப் பெயரும் வைப்பார்கள். லெக் என்றால் சின்னவன். இத்தனை வருடம் என்னோடு வேலை செய்தான். நீட்டுப் பெயரை யார் நினைவில் வைத்திருப்பது?"

கூட வந்திருந்த இயந்திர உதவியாளன் கித்திசாக்கின் கையில் கட்டுப் போட்டிருந்தது. சூடான குழாய் சுட்டதாம்.

"படகுக்காரன் தனாக்கிற்றை மிரட்டினான். நான் கண்டேன்," என்றான்.

"தனாக்கிற்றை எவ்வளவு காலமாகத் தெரியும்?"

"ஒரே ஊர். ஒரே பள்ளிக்கூடம்."

காலையில் வைத்த கையெழுத்து சிவாஜினியின் கண்முன் வந்து நின்றது.

11.30. கப்பல் தளம். கித்திசாக் கம்பியைப் பிடித்தபடி கடலைப் பார்த்து நின்றான். சிவாஜினி அவனுக்குப் பின்னால் போய், சாதாரணமாகக் கூப்பிட்டார்.

"மூ."

அவன் திரும்பினான். மற்ற மாலுமிகளும் அவனைத்தான் பார்த்தார்கள்.

"மூ என்றால் பன்றி," என்றார் கப்டன். "சின்னதில் கொழுகொழுவென்று இருந்தானாம். உங்களுக்கு யார் சொன்னது?"

"லெக் சொன்னான். சாகும்போது."

கித்திசாக்கின் கைக்கட்டை அவிழ்க்கச் சொன்னார் சிவாஜினி. உள்ளங்கையில் தீக்காயம் இல்லை. கத்தி வழுக்கிக் கீறிய நீளக் காயம்.

"கப்டனுக்கே அவன் லெக்," என்றார் சிவாஜினி. "ஒன்றாகப் படித்த நீ மட்டும் நீட்டுப் பெயரைச் சொன்னாய். துறை முழுக்க 'மூ' என்ற கதை. குட்டிப் பெயர்ப் பேச்சு எழும்பினால் உன் பெயரும் வெளியே வருமென்று பயந்தாய்."

தான் கப்பல் டீசலைக் களவாக விற்றதை லெக் கண்டுபிடித்துவிட்டான், கப்டனிடம் சொல்லப்போனான் என்று கித்திசாக் ஒப்புக்கொண்டான்.

"அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை," என்றான். "சின்ன வயதிலிருந்தே எங்காவது விழுந்தால் என்னைத்தான் கூப்பிடுவான். இன்றைக்கும் கூப்பிட்டான். எனக்குக் கேட்டது. நான் திரும்பிப் பார்க்காமல் போனேன்."

நிலையத்துக்கு வந்ததும் சிவாஜினி சாவியைக் கொன்ஸ்டபிளிடம் நீட்டினார். "மூதூரானைத் திறந்து விடுங்கோ."

ஜெஸீமா குழந்தையோடு எழுந்து வந்தாள்.

"என்ட மனுசனுக்குப் பேர் பாயிஸ், மிஸ்," என்றாள். "விடியத்துல இருந்து ஒருத்தரும் அதக் கேக்கல்ல."

சிவாஜினிக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"பாயிஸைத் திறந்து விடுங்கோ," என்று திருத்திச் சொன்னார்.