கட்டைவிரலுக்கு அடியில் ஒரு சொல்

உலகத்தில் தன்னால் சொல்ல முடியாத சொல் ஒன்றுகூடக் கிடையாது என்று எம்மெட் அறிவித்தான். வயது பதினேழு. வாய் நிறைய பீநட் பட்டர் தடவிய ரொட்டி இருந்ததால் அறிவிப்பு கொஞ்சம் குழகுழவென்று வந்தது.

"சொல்லுன்னா வெறும் சத்தம். சத்தத்துக்குப் பயப்படறவன் கோழை" என்றான்.

"அப்போ நாளைக்கு அப்பா படகுல ஏறினதும் 'பன்னி'ன்னு சொல்லு பாப்போம்" என்றாள் தங்கை ஹேட்டி. அவளுக்குப் பத்து வயது.

எம்மெட் மெதுவாக மென்று விழுங்கினான். அமெரிக்காவின் மெய்ன் கடற்கரையில் சிங்கி இறால் பிடிக்கும் படகுகளில் அந்த விலங்கின் பெயரை யாரும் சொல்வதில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. சொல்லிப் பார்த்தவர் இல்லை.

"அது வேற விஷயம்" என்றான்.

"சத்தம்தானே?"

"வேற விஷயம்னா வேற விஷயம். அதுவும் இந்த வீட்டுல இருந்துட்டு நீ பேசாத. கால்ல கல்லு விழுந்தா 'புளூபெர்ரி'ன்னு கத்தற குடும்பம் இது. வெளிய சொன்னா மானம் போகுது."

அது உண்மைதான். ஹேட்டி பிறந்த நாளோடு அப்பா கெட்ட வார்த்தைகளை விட்டுவிட்டார். பதிலுக்கு ஒரு பழத்தின் பெயர். கயிறு சிக்கினாலும் புளூபெர்ரி, கையைக் கொக்கி கிழித்தாலும் புளூபெர்ரி. துறைமுகமே சிரிக்கும். அப்பா கண்டுகொள்வதில்லை.

எம்மெட்டின் எதிரே மடிக்கணினி திறந்திருந்தது. கப்பல் எஞ்சின் பற்றிப் படிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறான். கூடவே ஒரு கட்டுரை அனுப்ப வேண்டும். இன்றுதான் கடைசி நாள். கட்டுரை நேற்றே முடிந்துவிட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. அதைக் காலையிலிருந்து பன்னிரண்டு முறை சேர்த்து, பதினோரு முறை அழித்திருந்தான்.

"காட்டு, படிக்கறேன்" என்றாள் ஹேட்டி.

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். ஆனால் ஓரிடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டான்.

ஹேட்டி படித்தாள்: ஆகஸ்ட் மாதம். கையை நீட்டினால் கை தெரியாத மூடுபனி. இறால் பிடிக்கும் கூண்டின் கயிறு படகுக்கு அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொண்டு படகு நின்றுவிட்டது. எங்கிருந்தோ ஒரு பெரிய கப்பல் ஊதுகிறது. ஒவ்வொரு முறையும் இன்னும் பக்கத்தில் ஊதுகிறது. அப்போது அப்பா சொன்னார்... அதற்கு மேல் எம்மெட்டின் கட்டைவிரல்.

"விரலை எடு."

"சின்னப் பொண்ணு நீ."

"ஸ்கூல் பஸ்ல தினமும் கேக்கறேன். சத்தம்தானே?"

எம்மெட் விரலை எடுக்கவில்லை. "அப்பாவுக்கும் பயம் வரும்னு அந்த ஒரு சொல்லுலதான் எனக்குத் தெரிஞ்சது. அதான் கட்டுரையே. மீதி எல்லாம் நான் கயிறு அறுத்த கதை."

"உங்க மிஸ் என்ன சொன்னாங்க?"

"'நீ நீயா இரு'ன்னாங்க. கதவுகிட்ட போனதும் திரும்பக் கூப்பிட்டு, 'படிக்கிறவங்க முகம் சுளிக்காம பாத்துக்கோ'ன்னாங்க. நான் நானா இருந்தா முகம் சுளிப்பாங்களா மாட்டாங்களா? அத மட்டும் சொல்லல."

"அந்தச் சொல்லையே எடுத்துடேன்."

"எடுத்தா, அப்பா மழை வருமான்னு கேக்கற மாதிரி இருக்கு."

"எழுத்துக்குப் பதிலா நட்சத்திரக் குறி போடு."

"போட்டேன். கோழி நடந்து போன மாதிரி இருக்கு."

"'கெட்ட வார்த்தை சொன்னார்'னு எழுது."

"டீச்சர்கிட்ட அப்பாவைப் பத்திப் புகார் குடுக்கற மாதிரி இருக்கு."

ஹேட்டிக்கும் தலை சுற்றியது. "சரி, வச்சுடு. நீதான் எதுக்கும் பயப்படாதவனாச்சே."

எம்மெட் தலையை ஆட்டினான். "வச்சா, அப்பா எப்பவும் இப்படிப் பேசற ஆளுன்னு நினைச்சுக்குவாங்க. அவர் அப்படி இல்லையே. வைக்கலன்னாலும் பொய். வச்சாலும் பொய்."

மணி நாலரை. ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

வெளியே முற்றத்தில் அப்பா கூண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தடாலென்று ஒன்று சரிந்தது. "புளூபெர்ரி" என்று ஊருக்கே கேட்கும்படி ஒரு குரல்.

எம்மெட் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான்.

"எம்மெட், காலேஜ்காரங்களுக்கு இது தெரியுமா?"

"எது?"

"புளூபெர்ரி."

"நல்லாருக்கு. எழுதினா விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். முதல்ல அத எழுது. பத்து வருஷமா அப்பா வாயில வேற ஒண்ணும் வந்ததே இல்லன்னு எழுது. அப்புறம் மூடுபனி, கப்பல் எல்லாம் வரட்டும். அந்த இடத்துல, 'அன்னிக்கு அப்பா புளூபெர்ரின்னு சொல்லல'ன்னு மட்டும் எழுதிட்டு நிறுத்திடு."

"அப்போ என்ன சொன்னார்னு எப்படித் தெரியும்?"

"அவங்களே நினைச்சுக்குவாங்க. நினைச்சா அது அவங்க வாய். உனக்கென்ன?"

எம்மெட் திரையைத் தன் பக்கம் திருப்பினான். பிறகு அந்தச் சொல்லைப் பன்னிரண்டாவது முறையாக அழித்தான். விறுவிறுவென்று தட்டினான். ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தான்.  அப்பா புளூபெர்ரி சொல்லாத அந்த வரி வந்ததும் ஹேட்டியின் கை ரோமம்கூடக் குத்திட்டு நின்றது.

ஐந்து மணிக்குக் கட்டுரை போய்ச் சேர்ந்தது.

எம்மெட் இரண்டு கைகளையும் தூக்கிச் சோம்பல் முறித்து எழுந்தான். எழுந்த வேகத்தில் முழங்கால் மேசைக் காலில் நங்கென்று இடித்தது. வாயைத் திறந்தான். ஹேட்டியைப் பார்த்தான். ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூண்டோடு நின்ற அப்பாவைப் பார்த்தான்.

"புளூபெர்ரி" என்றான், யாருக்கும் கேட்காதபடி.